வயலை நிரப்பிய மனை: அனுமதி கிடைத்தால் போதுமா?

வாசகர் கடிதம்:

“சார், நான் குமரி மாவட்டத்தில் பூதப்பாண்டி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வீடு கட்ட ஐந்தரை சென்ட் மனை ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். முன்பு வயலாக இருந்த இடம். மூன்றடிக்குச் சரல் அடித்து நிரப்பி, கல் நட்டுப் போட்டிருக்கிறார்கள். போன மழையில் போய்ப் பார்த்தபோது மனையில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. பின்பக்கம் மட்டும் இன்னும் நடவு நடக்கிறது. ‘இப்போ எல்லாம் ஆன்லைன்தான், யாரும் வந்து பார்க்க மாட்டார்கள், அனுமதி உடனே கிடைத்துவிடும்’ என்கிறார் தரகர். என் நாத்தனார் அயர்லாந்தில் நர்ஸ். அங்கே கிராமத்தில் வீடு கட்டக் கேட்டபோது, மண்ணில் தண்ணீர் இறங்கவில்லை என்று சொல்லி அனுமதி தரவில்லையாம். முதலில் மண்ணைப் பார், அப்புறம் பத்திரத்தைப் பார் என்கிறார். நம் ஊரிலும் அப்படி ஒரு விதி இருக்கிறதா? செப்டிக் டேங்குக்கு ‘பயோ டேங்க்’ வைத்தால் மண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று ஒருவர் சொன்னார், அதுவும் உண்மையா? தீபாவளிக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.”

அன்புள்ள சகோதரி,

தண்ணீர் இறங்குகிறதா என்று மனையில் குழி வெட்டிச் சோதித்து, அந்த முடிவை வைத்தே வீட்டுக்கு அனுமதி தருவதோ மறுப்பதோ நம் ஊராட்சிகளில் இல்லை. ஆனால் மண்ணின் வடிகாலுக்கும் அனுமதிக்கும் இங்கே சம்பந்தமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். அது நஞ்சை, புஞ்சை என்ற வகைப்பாட்டின் வழியாக உள்ளே வருகிறது. தரகர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. யாரும் வந்து பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் நீங்கள் பார்த்தாக வேண்டும்.

உங்கள் நாத்தனார் சொன்னது சரி. அயர்லாந்தின் கிராமப்புறத்தில் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே தனித்தனியாக வீடு கட்டிக்கொள்வது வழக்கம். அங்கெல்லாம் பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். அதனால் அனுமதிக்கு எழுதிப் போடும்போதே, பயிற்சி பெற்ற ஒருவர் மனையைச் சோதித்து எழுதிய அறிக்கையும் கூடப் போக வேண்டும். குறைந்தது 2.1 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெரிய குழி வெட்டி மண் அடுக்குகளையும் நீர்மட்டத்தையும் பார்ப்பார்கள். பக்கத்தில் சின்னக் குழிகள் வெட்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் மறுபடி நிரப்பி, மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கெடுப்பார்கள். 2021-இல் வெளியான அவர்களுடைய நடைமுறை விதிப்படி 120 நிமிடத்துக்கு மேல் போனால் கழிவுநீரை அந்த மண்ணில் விட முடியாது. ஓடையில் விடத் தனி உரிமம் வேண்டும், ஒற்றை வீட்டுக்கு அது லேசில் கிடைக்காது. அப்புறம் வீடு எங்கே? லீட்ரிம் என்று ஒரு மாவட்டம், பெரும்பகுதி தண்ணீர் இறங்காத களிமண். சொந்த நிலம் இருந்தும் வீடு கட்ட முடியாமல் போவது அங்கே பெரிய மனக்குறை. இந்தக் கறாருக்குப் பின்னால் ஒரு வழக்கும் இருக்கிறது. செப்டிக் டேங்க் கழிவை ஒழுங்காகக் கட்டுப்படுத்தவில்லை என்று 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அயர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2012-இல் ஏற்கெனவே இருக்கும் டேங்குகளையும் பதிவு செய்து ஆய்வு பார்க்கச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

இங்கே ஊராட்சிக்குக் கொடுக்கும் வரைபடத்தில் செப்டிக் டேங்க் எங்கே, மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே என்று காட்டினால் போதும். அந்தக் குழியில் தண்ணீர் இறங்குமா என்று யாரும் கேட்பதில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இடத்தைப் பார்வையிடாமலே ஆன்லைனில் அனுமதி தருகிறார்கள். ஐந்தரை சென்ட் என்றால் ஏறக்குறைய 2,396 சதுர அடி. நீங்கள் அந்த வரம்புக்குள் வருகிறீர்கள். ஆனால் சுயசான்று என்றால், கொடுத்த விவரம் எல்லாம் சரி, தவறானால் நானே பொறுப்பு என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். பதிவேட்டில் நஞ்சையாகவே கிடக்கும் நிலத்தை மனை என்று காட்டி வாங்கிய அனுமதி, பின்னால் யாராவது ஒரு புகார் எழுதிப் போட்டால் ரத்தாகும். அப்போது தரகர் போனை எடுக்க மாட்டார்.

அதனால் அந்தச் சர்வே எண்ணுக்கு முதலில், நிலம் எந்த வகை என்று காட்டும் ‘அ’ பதிவேட்டையும் என்ன பயிர் என்று எழுதும் அடங்கலையும் பாருங்கள். நஞ்சை என்று இருந்து, உங்கள் ஊராட்சி முழுமைத் திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017-இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும் பொருந்தும். விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கொண்டுவர முன் அனுமதி வேண்டும். நஞ்சை என்றால் விஷயம் மாவட்ட ஆட்சியர் வரை போகும், வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் அறிக்கை கொடுக்க வேண்டும். நாகர்கோவிலைச் சுற்றியுள்ள திட்டப் பகுதிக்குள் இருந்தால் வழி வேறு, நில உபயோக மாற்றம் என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த அறிக்கைகளில்தான் மண்ணும் தண்ணீரும் வருகின்றன. எந்தக் குளத்துப் பாசனம், எந்தச் சானல், இன்னும் பயிர் ஏறுகிறதா, பக்கத்து வயல்களில் நடவு உண்டா, இதை நிரப்பினால் மேலே இருக்கிற வயலின் தண்ணீர் எங்கே போகும் என்றெல்லாம் பார்ப்பார்கள். குளம், கால்வாய் ஓரமாகவோ தண்ணீர் கட்டும் தாழ்விலோ இருந்தால் நீர்வளத் துறையின் கருத்தையும் கேட்பதுண்டு. அவர்கள் ஒரேயடியாக மறுப்பது குறைவு. இந்த மட்டத்துக்கு மேடாக்கு, கால்வாய்க்கு இத்தனை இடம் விடு, இந்த வாய்க்காலை அடைக்காதே என்று நிபந்தனை போடுவார்கள். உங்கள் மனைக்குப் பின்னால் இப்போதும் நடவு நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த வயலுக்குத் தண்ணீர் வரும் வழியும் வடியும் வழியும் எங்கேயோ இருக்கின்றன. அந்த வழி உங்கள் ஐந்தரை சென்டுக்குக் குறுக்கே போகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தை வைத்துக் கேளுங்கள். வரைபடத்தில் ஓடையோ வாய்க்காலோ கோடாக இருந்து, இடத்தில் சரலுக்கு அடியில் மறைந்திருந்தால், அந்த மனையை விட்டுவிடுங்கள். பேரம் பேசிக் குறைத்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை அது.

கல் நட்டவர்களிடம் மனைப்பிரிவு அனுமதி எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் மேலே சொன்ன பெரும்பாலான கேள்விகள் அப்போதே கேட்கப்பட்டிருக்கும். அங்கீகாரம் இல்லை, “வரன்முறை செய்துகொள்ளலாம்” என்று சொன்னால் நம்பாதீர்கள். 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரம் பதிவான மனைகளுக்கானது. அதிலும் நீரோட்டத்தை மறிக்கும் மனைகளுக்கு இடமில்லை.

சிலர் உங்களிடம், “வயலில் வீடே கட்ட முடியாது, 2008 சட்டம் இருக்கிறது” என்று பயமுறுத்தியிருக்கலாம். அது கேரளத்தின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம். களியக்காவிளையோடு நின்றுவிடும். எல்லையோரத்தில் சொந்தபந்தம் உள்ளவர்கள் அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்கிறார்கள். மூலப் பத்திரம் திருவிதாங்கூர் காலத்தது என்றால், 1956-க்கு முந்தைய அந்தப் பத்திரம் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். அதில் ‘நிலம்’ என்றிருந்தால் வயல், ‘புரையிடம்’ என்றிருந்தால் வீடும் தோட்டமுமான மேட்டு நிலம். படிக்கத் தெரிந்த ஒரு பத்திர எழுத்தரிடம் காட்டிவிடுங்கள். மலையடிவாரக் கிராமங்கள் பல ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருப்பதால், உங்கள் கிராமம் அதில் உண்டா என்பதையும் கையோடு கேட்டுவிடுவது நல்லது.

சரி, காகிதமெல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி மண்.

நம் மாவட்டத்தில் ஒரே ஊராட்சிக்குள்ளேயே மண் மாறும். கல்குளம், விளவங்கோடு பக்கத்து விளைகளில், அதாவது மேட்டுத் தோட்ட நிலங்களில், வெட்டுக்கல்லும் சரலும். அங்கே செப்டிக் டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழி பல வருஷம் தொல்லை தராமல் வேலை செய்யும். கடற்கரையோரம் மணல், வேகமாக இறங்கும், ஆனால் நீர்மட்டம் மேலேயே இருப்பதால் கழிவு சுத்தமாகாமலே கிணற்றுக்குப் போய்விடும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் வயல்களிலும் மேற்கே ஏலா என்கிற தாழ்வான வயல்வெளிகளிலும் களி கலந்த வண்டல். போதாததற்கு நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. மண் முழுக்கக் காய்ந்து மூச்சுவிடுகிற காலம் மற்ற மாவட்டங்களைவிடக் குறைவு.

வயல் மண்ணில் தண்ணீர் இறங்காமல் இருப்பது தற்செயல் இல்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் ஒவ்வொரு தடவை என்று தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் கட்டி, சேறாக உழுது, பரம்படித்து, இறங்காதபடி ஆக்கிவைத்திருக்கிறார்கள். நெல்லுக்கு அதுதான் தேவை. உழவு படும் ஆழத்துக்குக் கீழே, சுமார் ஒரு சாண் அளவில், ஏரும் மாடும் அப்புறம் டிராக்டரும் மிதித்து மிதித்து இறுகிய ஒரு தட்டு இருக்கும். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் அந்த இடத்தில் சத்தம் மாறும். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி, நடுநடுவே துருப்பிடித்த மாதிரிச் செம்பழுப்புக் கோடுகள். இந்த நிறத்தைப் பார்த்தால் ஆண்டில் பல மாதம் அந்த ஆழத்தில் தண்ணீர் நின்றிருக்கிறது என்று அர்த்தம். கோடையில் வெட்டினாலும் நிறம் பொய் சொல்லாது. அதனால்தான் மண் பார்க்கும்போது முதலில் நிறத்தைப் பார்ப்பேன்.

இப்போது இதன் மேல் மூன்றடிக்குச் சரல் அடித்திருக்கிறார்கள். மழை பெய்கிறது. சரலில் தண்ணீர் சரசரவென்று இறங்கிவிடும். மேலே நின்று பார்ப்பவருக்குச் செருப்பில் சேறுகூட ஒட்டாது. போன மழையில் நீங்கள் பார்த்தது இதைத்தான். ஆனால் இறங்கிய தண்ணீர் அந்தப் பழைய வயல் தட்டில் போய் நிற்கும், அப்புறம் பக்கவாட்டில் ஊர்ந்து தாழ்வான பக்கம் போகும். பின்னால் நடவுக்குத் தண்ணீர் கட்டியிருந்தால் அந்தப் பக்கமும் போக வழியில்லை, எதிர்த்துத் தள்ளும். மேலே காய்ந்த மனை, மூன்றடிக்குக் கீழே நிறைந்த தொட்டி. அந்தத் தொட்டிக்குள்தான் நாம் ஆறடிக்கு உறை இறக்கி, “உறிஞ்சு குழி” என்று பேர் வைக்கிறோம்.

இப்படி ஒரு வீட்டைப் பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள். ஏலா ஓரத்தில் நாலடி நிரப்பிக் கட்டிய நல்ல வீடு, அனுமதியெல்லாம் முறைப்படி வாங்கியிருந்தார்கள். முதல் இரண்டு வருஷம் பிரச்சினை இல்லை. அப்புறம் கார்த்திகை மழையில் கீழ்த்தளக் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் குளுக்கு குளுக்கென்று மேலே வர ஆரம்பித்தது. கொத்தனார் அடைப்பு என்று நினைத்து இரண்டு தடவை குழாயை உடைத்துப் பார்த்துவிட்டார். குழாயில் ஒன்றும் இல்லை. நான் போய்ப் பார்த்தது வீட்டுக்குள் இல்லை, வெளியே தாழ்வான பக்கத்து வீட்டின் மதில் சுவரை. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு, நூல் பிடித்ததுபோலக் கறுத்த ஈரக்கோடு. வெள்ளையடித்த சுவரில் அந்தக் கோட்டுக்குக் கீழே மட்டும் பூச்சு உப்பி உதிர்ந்திருந்தது. கோட்டின் ஓரத்தில் பச்சைப் பாசி. இந்த வீட்டுக் கழிவு நிரப்பிய மண்ணுக்குள்ளேயே ஓடி அந்தச் சுவரடியில் வெளியே வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் கிணறு அங்கிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். அவர்கள் தண்ணீரை வெறுமனே குடிக்காமல் காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள், காரணம் தெரியாமலே. தெரிந்தபிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அனுமதிக் காகிதத்தில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

உங்கள் மனையில் இது நடக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு மண்வெட்டி, ஒரு அடிக்கோல், இரண்டு நாள் போதும். இதற்கு இந்தியாவிலும் தரவிதி இருக்கிறது: ஐ.எஸ். 2470, இரண்டாம் பகுதி, 1985-ஆம் ஆண்டுப் பதிப்பு. அயர்லாந்துச் சோதனைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அங்கே கட்டாயம், இங்கே பெரும்பாலும் அலமாரியில் தூங்குகிறது.

நில உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, செப்டிக் டேங்க் வரப்போகும் மூலையில், நிரப்பிய சரலைத் தாண்டிப் பழைய மண்ணுக்குள் போகும்படி வெட்டச் சொல்லுங்கள். மூன்றடிச் சரல் என்றால் நாலரை, ஐந்தடி ஆழம் வேண்டும். சரலில் மட்டும் குழி போட்டுச் சோதித்தால் பிரமாதமாக இறங்கும், அது உங்களை ஏமாற்றும். அடியில் ஓரடிக்கு ஓரடி சதுரமாகச் சோதனைக் குழி. மண்வெட்டி களிமண்ணைப் பூசி மெழுகிவிடும், அதனால் பக்கங்களைக் கம்பியால் கீறிவிட்டு, உதிரியை அள்ளிவிட்டு, இரண்டு அங்குலத்துக்குச் சின்ன ஜல்லி போடுங்கள். ஜல்லிக்கு மேல் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, குறையக் குறைய நிரப்பி, ஒரு இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 சென்டிமீட்டர் இருக்கும்படி சரிசெய்துவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை எவ்வளவு இறங்கியது என்று அளந்து, மறுபடி நிரப்பிக்கொண்டே வாருங்கள். சில மணி நேரத்தில் இறக்கம் ஒரே சீராக வரும். கடைசி அரை மணிக் கணக்குதான் முக்கியம். அதிலிருந்து 2.5 சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அரை மணியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 75 நிமிடம்.

தரவிதிப்படி 30 நிமிடம் வரை என்றால் உறிஞ்சு குழியோ, கழிவுநீரைப் பரவலாக விடும் நீளப் பள்ளமோ வைக்கலாம். 30-லிருந்து 60 என்றால் நீளப் பள்ளம் மட்டும். 60-ஐத் தாண்டினால் அந்த மண்ணை நம்பக் கூடாது, வேறு வழி பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் நீர்மட்டம் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் வந்துவிடுகிற இடத்திலும் நிலத்துக்குள் உறிஞ்சு குழி வேலைக்கு ஆகாது.

இந்த நிமிடக் கணக்கு எவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும் என்று பாருங்கள். 204-ஐ நிமிடத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளில் எத்தனை லிட்டர் வாங்கும் என்று கிடைக்கும். ஐந்து நிமிட மண் சுமார் 90 லிட்டர் வாங்கும். அறுபது நிமிட மண் 26 லிட்டர்தான். ஐந்து பேர் வீட்டிலிருந்து நாளுக்கு 500 லிட்டர் வெளியே போகிறது என்று வைத்தால், முதல் மண்ணுக்கு ஐந்தரை சதுர மீட்டர் போதும், இரண்டாவதற்குப் பத்தொன்பது வேண்டும். ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழமுள்ள ஒரு வட்டக் குழியின் பக்கச்சுவர் ஆறேகால் சதுர மீட்டர். அதாவது விளையில் ஒரு குழி செய்கிற வேலைக்கு இங்கே மூன்று குழி. தரவிதி அந்த மண்ணில் குழியையே வேண்டாம் என்று சொல்வதன் காரணம் இதிலேயே புரியும். ஆனால் கொத்தனார் இரண்டு இடத்திலும் ஒரே குழியைத்தான் போடுவார்.

இதே தரவிதி இன்னொன்றும் சொல்கிறது. உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், வீட்டிலிருந்து 6 மீட்டர். பதினெட்டு மீட்டர் என்றால் ஏறக்குறைய அறுபதடி. உங்கள் ஐந்தரை சென்ட் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் நாற்பத்தொன்பது அடிதான். மூலைக்கு மூலை பிடித்தால்தான் அறுபதைத் தாண்டும், நடுவில் வீடும் வர வேண்டும். சொந்த மனைக்குள் கிணறோ போரோ போட்டு, உறிஞ்சு குழியும் போடுவது இந்த அளவில் கணக்குக்கு ஒத்துவராது. நாலு பக்கத்து மனைக்காரர்களின் கிணறு எங்கே வரப்போகிறது என்பதும் உங்கள் கையில் இல்லை. சின்ன மனைகளில் இதை எல்லோரும் கண்டும் காணாமல் போகிறார்கள். நல்ல சரல் மண்ணிலேயே அது ஆபத்து, தண்ணீர் பக்கவாட்டில் ஓடும் நிரப்பு மனையில் நிச்சயம் கெடுதல்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். அதையும் அனுமதிக்காகக் காட்டுவதற்காக, செப்டிக் டேங்கின் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டிக் கூரைத் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். இறங்காத மண்ணில் இந்த இரண்டு குழியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மழை பெய்கிற அன்றைக்குக் கழிவுக் குழிக்கு நாமே கூடுதலாகத் தண்ணீர் ஏற்றிக் கொடுக்கிறோம். உங்கள் மாதிரி மனையில் கூரைத் தண்ணீரை ஒரு மூடிய தொட்டியில் பிடித்துப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். நம் மழைக்குத் தொட்டி நிறைந்துகொண்டே இருக்கும்.

பயோ டேங்க் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய நுண்ணுயிர் முறை நல்லதுதான், கசடு குறையும், நாற்றம் குறையும். ஆனால் உள்ளே போன தண்ணீர் அத்தனையும் வெளியே வந்துதான் ஆக வேண்டும். ஐந்நூறு லிட்டர் போனால் ஐந்நூறு லிட்டர் வரும். அது எங்கே போகும் என்று விற்பவரிடம் கேளுங்கள். “உறிஞ்சு குழியில் விட்டுவிடலாம்” என்பார். மறுபடி அதே மண்.

சோதனையில் 60-ஐத் தாண்டிவிட்டது, இருந்தாலும் அந்த இடம்தான் வேண்டும் என்றால், செய்யக்கூடியது இது. செப்டிக் டேங்கைக் கசியாத கான்கிரீட்டில், மூன்று அறையாகக் கட்டி, கடைசி அறையில் ஜல்லி போட்டுக் கீழிருந்து மேலாகத் தண்ணீர் ஏறும்படி வடிகட்டி வையுங்கள். அதிலிருந்து வருவதை நிலத்துக்குள் இறக்காமல், தரைக்கு மேலே மணலும் ஜல்லியுமாக இரண்டடிக்கு மேடை கட்டி, அதில் கல்வாழையும் வாழையும் வைத்து விடலாம். நம் வெயிலுக்குச் செடி நிறையத் தண்ணீர் குடிக்கும். ஆனால் விடாமல் பெய்யும் கார்த்திகையில் செடியும் கைவிடும், அதனால் நாலைந்து நாள் தாங்குகிற மூடிய சேமிப்புத் தொட்டி ஒன்று கூட வேண்டும். குளியல், துணி துவைக்கும் தண்ணீரைக் கழிப்பறைக் கழிவோடு சேர்க்காமல் தனியாகத் தென்னைக்கு விட்டுவிட்டால் பாரம் பாதிக்கு மேல் குறையும். இதற்கெல்லாம் மனையில் குறைந்தது ஒரு சென்ட் போகும். ஐந்தரை சென்டில் ஒரு சென்டை இதற்கு விட்டுவிட்டு மீதியில் நீங்கள் நினைத்த வீடு வருமா என்று வரைந்து பாருங்கள். பலருக்கு அந்த இடத்திலேயே முடிவு தெரிந்துவிடும்.

அடித்தளம் பற்றிச் சுருக்கமாக: நிரப்பிய சரலின் மேல் எதையும் உட்கார வைக்காதீர்கள். அடித்தளம் அதைத் தாண்டி, வயல் களியையும் தாண்டி, உறுதியான மண்ணுக்குப் போக வேண்டும். எவ்வளவு ஆழம் என்று மண் பரிசோதனை செய்யாமல் யார் சொன்னாலும் அது ஊகம். குட்டை பைல் (நிலத்துக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டு, அவற்றை இணைக்கும் கிரேடு பீம் கட்டும் செலவு, விளையில் சாதாரண கருங்கல் அடித்தளத்துக்கு ஆகும் செலவைவிட நன்றாகவே கூடும். தரகர் சென்டுக்கு எவ்வளவு குறைவு என்று சொல்லும்போது, இந்தக் கூடுதல் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, அதே ஊரில் மேட்டுப் பக்கம் விளையில் என்ன விலை என்றும் விசாரியுங்கள். என் அனுபவத்தில் வித்தியாசம் நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் இருக்கும்.

தீபாவளிக்கு முன் அட்வான்ஸ் வேண்டாம். ஐப்பசி மழை பாதியாவது பெய்யட்டும், குழி வெட்டிப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. குழி வெட்டவே சம்மதிக்காத உரிமையாளர் என்றால் அதுவே போதுமான பதில். மனை கைவிட்டுப் போய்விடும் என்று பயமாக இருந்தால் சின்னத் தொகை மட்டும் கொடுத்து, நஞ்சை மாற்ற ஆணையோ மனைப்பிரிவு அனுமதி எண்ணோ காட்ட வேண்டும், மண் சோதனையில் 2.5 சென்டிமீட்டர் இறங்க 60 நிமிடத்துக்கு மேல் ஆனால் தொகையை முழுதாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். “இப்படியெல்லாம் யாரும் எழுதுவதில்லை” என்பார்கள். எழுதித்தான் தர வேண்டும் என்று நில்லுங்கள். குழி வெட்டும் நாளில் மஸ்கட்டிலிருந்து கணவரால் வர முடியாது என்றால், வீட்டில் பெரியவர் யாரையாவது கூட அழைத்துக்கொண்டு போங்கள். அந்த வயலில் முன்பு நடவு நட்டவர்கள் பக்கத்திலேயே யாராவது இருப்பார்கள். எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.